பதில் சொல்லாத சன்ரூஃப்

என் அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொண்டது நாற்பது வயதுக்கு மேல். ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. மச்சானுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் தஞ்சாவூருக்குப் போய் டயாலிசிஸ் செய்தே தீரவேண்டும் என்று ஆகிவிட்டது. அவர்கள் ஊர் ஒரத்தநாட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது; வாய்க்கால் கரையோடு போகிற ஒற்றைச் சாலை. பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மணிக்கணக்காக மிஷினில் கிடந்துவிட்டு வருகிற ஆளைப் பஸ்ஸுக்காக நிற்கவைக்க முடியாது. வாடகைக் கார்க்காரர்கள் கொஞ்ச நாள் வந்தார்கள், பிறகு போனை எடுப்பதில்லை. ஒருநாள் அக்கா என் பட்டறை வாசலில் வந்து நின்று, "எனக்கு ஒரு வண்டி பாத்துக் குடுடா தம்பி. நானே ஓட்டிக்கிறேன்" என்றாள்.

நான் ஒரத்தநாட்டில் கார் எலெக்ட்ரீஷியன். வெளிநாட்டில் ஒரு கார் கம்பெனி பட்டறையில் ஒயரிங் வேலை பார்த்துவிட்டு வந்து சொந்தமாகக் கடை போட்டவன். அக்காவுக்கு நல்ல நிலையில் ஒரு பழைய கார் பார்த்தேன். சன்ரூஃப் வைத்த வண்டிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் மச்சான். எனக்கு அதில் இஷ்டமில்லை. கூரையில் ஓட்டை போட்ட வண்டி என்றைக்காவது வேலை வைக்கும்.

"நம்ம ஊரு வெயிலுக்கும் மழைக்கும் அது எதுக்கு மச்சான்?" என்றேன்.

"மிஷின்லேர்ந்து எறங்கி வந்தா ஏசி காத்து கொமட்டுது மாப்ள. ஜன்னலத் தொறந்தா காத்து மூஞ்சியில அறையுது. மேல தொறந்துக்கிட்டா நல்லாருக்கும்" என்றார். அந்த வாரமே அப்படி ஒரு வண்டியைப் பேசி முடித்தேன்.

அந்தக் கார் அவர்கள் இரண்டு பேரையும் ஒன்றரை வருடம் தாங்கியது. அக்கா ஓட்டுவாள், மச்சான் பக்கத்து சீட்டைப் பின்னுக்குச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு வருவார். ஐப்பசி அடைமழை பிடித்த வாரத்தில்தான் கோளாறு ஆரம்பித்தது.

தஞ்சாவூரிலிருந்து திரும்பும் வழியில், தூறல் விழுகிறதே என்று அக்கா சன்ரூஃப் பட்டனை அழுத்தியிருக்கிறாள். கண்ணாடி பாதி வந்து நின்றுவிட்டது. அப்புறம் எந்தப் பக்கமும் அசையவில்லை. தூறல் மழையானது. மச்சான் மருத்துவமனை பைலைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வர, அக்கா நேராக என் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தினாள். இரண்டு பேரும் நனைந்திருந்தார்கள். மச்சானுக்கு உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. "ஒண்ணுமில்ல மாப்ள, குளிச்ச மாதிரிதான்" என்றார்.

சன்ரூஃப் மோட்டாரில் ஒரு துவாரம் இருக்கும். அதில் எல் வடிவச் சாவியை விட்டுச் சுற்றினால் கையாலேயே கூரையை மூடிவிடலாம். மூடினேன். அவர்களை அனுப்பும் முன், வண்டியின் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தேன். 'சன்ரூஃப் கட்டுப்பாட்டு மாட்யூலுடன் தொடர்பு இல்லை' என்று வந்தது.

இதைக் கொஞ்சம் சொன்னால்தான் பின்னால் நடந்தது புரியும். காரின் டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு தலைமைப் பெட்டி இருக்கிறது. கூரையில் சன்ரூஃபை இயக்கும் சின்னப் பெட்டியான மாட்யூலும், மழை விழுந்தால் வைப்பரை ஓட்டும் சென்சாரும், அதனோடு ஒரே ஒரு மெல்லிய ஒயரில்தான் பேசிக்கொள்ளும். யாரும் பேசாதபோது அந்த ஒயரில் பேட்டரி அளவுக்கு மின்னழுத்தம் நிற்கும். பேசும்போது விழுந்து விழுந்து எழும். எங்கோ ஓரிடத்தில் அது வண்டியின் இரும்பு பாடியைத் தொட்டு, விழுந்தது விழுந்தபடியே கிடந்தால், ஒருவரோடு ஒருவர் பேச முடியாது. தலைமைப் பெட்டியும் சும்மா இருக்காது. பதில் வருகிறதா, பதில் வருகிறதா என்று விடிய விடிய கேட்டுக்கொண்டே இருக்கும். வண்டி தூங்காது. காலையில் பேட்டரி செத்துக்கிடக்கும்.

அப்படித்தான் ஆனது. நான் அக்காவுக்கு ஸ்பேனர் ஒன்றைக் கொடுத்து, ராத்திரி பேட்டரி கம்பியைக் கழற்றிவைத்து, காலையில் மாட்டக் கற்றுக்கொடுத்தேன். கை கால் கழுவுவதுபோல அவள் அதையும் தினசரி வேலைகளில் சேர்த்துக்கொண்டாள்.

முதலில் நான் மாட்யூலைத்தான் சந்தேகப்பட்டேன். மழை நேராக அதன்மேல் விழுந்திருக்கிறது. சென்னையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற ஒருவரிடமிருந்து அதே மாடலை வரவழைத்து மாட்டினேன். கூரை எங்கே திறக்கும், எங்கே மூடும் என்று அதற்குப் பழக்கிக்கொடுக்க வேண்டும். பட்டனை விடாமல் பிடித்திருந்தால் கண்ணாடி ஒருமுறை போய்வந்து தானே கற்றுக்கொள்ளும். அன்றைக்கு வெயில் காய்ந்தது. கண்ணாடி அழகாகப் போய் வந்தது. மச்சான் கைதட்டினார். அக்கா எனக்குக் காபி போட்டுவந்தாள்.

அடுத்த மழையில் ஸ்கேனரில் மறுபடியும் அதே எழுத்து. தொடர்பு இல்லை.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்கும் போனோம். வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், கூரையை இறக்கிப் பார்க்க ஒரு வாரமோ பத்து நாளோ ஆகும் என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. எங்களிடம்தான் அந்த ஒரு வாரம் இல்லை. செவ்வாய் போனால் வெள்ளி வந்துவிடும். சனி, ஞாயிறில் அக்கா வண்டியை என்னிடம் விடுவாள். திங்கள் சாயங்காலம் நான் எல்லாவற்றையும் பூட்டிக் கொடுத்தாக வேண்டும். கூரைத் துணியைப் பிரிப்பேன், மாட்யூலைக் கழற்றிவிட்டு அளப்பேன், மழை சென்சாரைக் கழற்றிவிட்டு அளப்பேன். இரண்டுமே இல்லாதபோதும் அந்த ஒயரின் மின்னழுத்தம் கீழேயே கிடக்கும். ஒயரைத் தேடிக்கொண்டு போவதற்குள் வெயில் வந்துவிடும், மீட்டரில் எண் ஏறி ஒழுங்காக நிற்கும். இல்லாத நோயை எங்கே தேடுவது? இது போதாதென்று, கூரை மூடியிருந்தும் உள்ளே தண்ணீர் சொட்டியது. கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் போய்விட்டது என்று நினைத்து அதன்மேல் பசை பூசினேன். நெல்லை மூடுகிற படுதாவை எடுத்துக் காரின்மேல் கட்டச் சொன்னேன். செய்யத் தெரியாதவன் செய்கிற வேலைகள்தான் எல்லாம்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேறு வண்டிகளைக் கையில் எடுக்கப் பிடிக்கவில்லை. பட்டறையில் யார் வந்து எதைச் சொன்னாலும் மண்டைக்குள் அந்த ஒயர்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மச்சானுக்கு மிஷினில் இருக்கும்போதே இரத்த அழுத்தம் இறங்கிப்போய், பாதியிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டார்கள். உடம்பில் சேர்ந்த நீர் முழுசாக வெளியேறவில்லை. சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் விடாத மழை. திங்கட்கிழமை நான் போய்ப் பார்த்தபோது மச்சானின் கால் வீங்கி, விரலால் அழுத்திய இடம் குழியாகவே நின்றது. படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "நாளைக்குப் போயிட்டா சரியாயிடும்" என்று அக்கா அவரிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை, பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய் விடிந்தும் விடியாத நேரத்தில் போன் வந்தது.

"தம்பி, வண்டி எடுக்கமாட்டேங்குதுடா."

"பேட்டரி கம்பியை மாட்டுனியாக்கா?"

"மாட்டிட்டேன். லைட்டெல்லாம் எரியுது. சாவி இல்லேன்னு எழுதிக்காட்டுது. சாவி என் கையிலதான்டா இருக்கு! கையிலயே வச்சிருக்கேன், இல்லேங்குது!"

பின்னால் மச்சான் மூச்சு வாங்குகிற சத்தம் போனிலேயே கேட்டது.

கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பைக்கில் கிளம்பினேன். அவர்கள் ஊருக்கு முன்னாலிருக்கும் தாழ்வான இடத்தில் வாய்க்கால் கரை வழிந்து சாலை முழங்கால் தண்ணீரில் இருந்தது. பைக்கைக் கரையில் சாய்த்துவிட்டு இறங்கி நடந்தேன். வழியிலேயே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். மெயின் ரோடு வரைக்கும் வருவோம், இந்தத் தண்ணீரில் உள்ளே இறக்கமாட்டோம் என்றார்கள்.

சாவியைத் திருகுகிற வண்டி இல்லை அது; சாவி பக்கத்தில் இருப்பதை உணர்ந்தால்தான் பட்டனை அழுத்தி இன்ஜினை எடுக்க முடியும். வீட்டுக்குப் போனதும் காருக்குள் உட்கார்ந்து சாவியைப் பட்டனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், பேட்டரி கம்பியைக் கழற்றி மாட்டினேன், கதவைப் பூட்டித் திறந்தேன். சாவி இல்லை, சாவி இல்லை என்றே சொன்னது. வைப்பர் யாரும் கேட்காமலே தன்பாட்டுக்கு ஓடியது. ஸ்டியரிங்கைக் கையால் குத்தினேன். வாசலில் மச்சான் நாற்காலியில் முன்னுக்குக் குனிந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு காற்றை இழுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் மேலே ஏறி இறங்கியது.

பக்கத்து வயல்காரர் சத்தம் கேட்டு வந்தார். அவரிடம் டிராக்டரும் அதன் பின்னால் மாட்டும் டிப்பர் பெட்டியும் இருந்தன. "டிப்பர்ல ஏத்துங்கய்யா, யோசிக்காதீங்க" என்று ஓடிப்போய் எடுத்துவந்தார். மச்சானை நாற்காலியோடு தூக்கி டிப்பருக்குள் வைத்தோம். படுக்கவைத்தால் மூச்சு முட்டிவிடும். அக்கா பின்னால் நின்று அவர் நெஞ்சோடு கைகோத்துப் பிடித்துக்கொண்டாள். நான் காரிலிருந்த படுதாவைப் பிய்த்துவந்து இரண்டு பேர் தலைக்கும் மேலே விரித்துப் பிடித்தேன். டிராக்டர் தண்ணீருக்குள் இறங்கியது. இரண்டு பக்கமும் நடவு வயல் எது, வாய்க்கால் எது, சாலை எது என்று தெரியவில்லை. டிராக்டர்காரர் கரையிலிருந்த கருவேல மரங்களை அடையாளம் வைத்து ஓட்டினார்.

நடுவில் மச்சான் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஏதோ சொல்ல வாய் திறந்தார். மூச்சுதான் வந்தது, பேச்சு வரவில்லை.

"பேசாதீங்க, பேசாதீங்க" என்றாள் அக்கா. "மூச்ச மட்டும் விடுங்க. நான் சொல்ற மாதிரி விடுங்க." அவர் காதோடு வாய் வைத்து, குழந்தைக்குச் சொல்வதுபோல, இழுங்க, விடுங்க, இழுங்க, விடுங்க என்று மெயின் ரோடு வருகிறவரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. ஆக்சிஜனை மாட்டினார்கள். நானும் ஏறப்போனேன். அக்கா என் மார்பில் கைவைத்துத் தடுத்தாள்.

"நீ வந்து என்னடா பண்ணப்போற? வெள்ளிக்கெழம வண்டி வேணும். போ, போயி வண்டியப் பாரு."

கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவள் கோபத்தில் சொன்னாளா என்று எனக்கு அப்போது தெரியவில்லை. வெள்ளிக்கிழமை என்று ஒன்று வரும், அன்றைக்கு அவரை மறுபடியும் அழைத்துப்போக வேண்டியிருக்கும் என்று அந்த நிலையிலும் அவள் நினைத்தாள் என்பது டிராக்டரில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. டிப்பரில் அந்தக் காலி நாற்காலி சரிந்து சரிந்து விழுந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டு அழுதேன். டிராக்டர்காரர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அக்கா வீட்டு மாட்டுக்கொட்டகையை ஒழித்து, டிராக்டரில் கயிறு கட்டிக் காரை உள்ளே இழுத்தோம். காருக்குப் பக்கத்தில் என் கருவிப் பையை விரித்து உட்கார்ந்தேன். மழை நிற்கவேண்டாம் என்றுதான் அன்றைக்கு வேண்டிக்கொண்டேன். நின்றால் கோளாறும் ஒளிந்துகொள்ளும்.

இத்தனை நாள் நான் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குப் புதிதாகச் சாவியும் சேர்ந்திருக்கிறது. சாவியை உணர்கிற ஆன்டெனாவுக்கும் சன்ரூஃபுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. வேறு வேறு ஒயர், வேறு வேறு வேலை. அப்படியிருக்க இரண்டும் எப்படி ஒன்றாகக் கெடும்? போனில் வண்டியின் ஒயரிங் படத்தைத் திறந்துவைத்து, இரண்டு ஒயரும் போகிற வழியை விரலால் தொடர்ந்தேன். கூரையிலிருந்து வருகிற ஒயர் முன்கண்ணாடிக்குப் பக்கத்துத் தூண் வழியாகக் கீழே இறங்குகிறது. ஆன்டெனா ஒயர் நடுவிலிருந்து வருகிறது. இரண்டும் ஓட்டுநரின் வலது கால் ஓரத்தில், ஒரே கனெக்டருக்குள் போய் நுழைகின்றன. சந்திக்கிற இடம் அது ஒன்றுதான்.

கால் வைக்கிற இடத்து பிளாஸ்டிக் மூடியைக் கழற்றக்கூடப் பொறுமையில்லை. பிடித்து இழுத்தேன், உடைந்து வந்தது. உள்ளே கையை விட்டேன். விரல் நனைந்தது.

கனெக்டரைப் பிரித்ததும் உள்ளே ஒயர் நுனியில் இருக்கும் பின்கள் பச்சையாக இருந்தன. செம்பு பூத்துப்போய், ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் நடுவில் பச்சை மாவு பாலம் போட்டிருந்தது. கூரை ஒயரின் பின், பாடியோடு சேரும் கிரவுண்டு பின்னுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இவ்வளவு நாள் அந்த ஒயரைக் கீழே பிடித்துவைத்திருந்தது இதுதான். அரிப்பு மெதுவாகப் பரவி, நேற்றைய மழையில் ஆன்டெனா பின்னையும் தொட்டுவிட்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூணுக்குள்ளிருந்து ஒரு சொட்டு வந்து கனெக்டர்மேல் விழுந்தது.

கூரைக்கு ஏறினேன். சன்ரூஃபைச் சுற்றி ஒரு வாய்க்கால் மாதிரி இருக்கும். கண்ணாடியைத் தாண்டி வருகிற தண்ணீர் அதில் விழுந்து, மூலையிலிருக்கும் குழாய் வழியாகத் தூணுக்குள் இறங்கி வண்டிக்கு வெளியே போய்விட வேண்டும். வலது மூலைத் துளையில் பதரும் தூசியும் மண்ணும் இறுகி அடைத்திருந்தன. அந்தச் சேற்றில் இரண்டு மூன்று நெல்மணிகள் முளைவிட்டு, வெளிச்சம் காணாத வெள்ளைக் குருத்து நீட்டிக்கொண்டிருந்தன.

எப்படி வந்தது என்று எனக்கு உடனே தெரிந்தது. புரட்டாசியில் அவர்கள் குறுவை அறுத்தார்கள். மச்சானால் வயலில் நிற்க முடியாது. அக்கா காரைக் களத்தோரம் நிறுத்த, அவர் உள்ளே உட்கார்ந்தபடி, கூரையைத் திறந்துவைத்துக்கொண்டு, அறுவடை மிஷின் போய்வருவதை அந்திவரை பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த தெளிச்சியை நானும்தான் பார்த்தேன். பறந்த பதரெல்லாம் கூரைக்குள் இறங்கியிருக்கிறது. இதில் யாரைக் குறை சொல்வது?

டிராக்டர்காரர் வீட்டிலிருந்து காற்றடிக்கிற பம்பைக் கொண்டுவந்தார். அடைப்பை எடுத்துவிட்டு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். சக்கரத்துக்குப் பின்னால் தரையில் சரசரவென்று கொட்டியது. பூத்த பின்களை வெட்டி எறிந்தேன். கனெக்டரை நம்பாமல், ஒவ்வொரு ஒயரையும் நேராகச் சேர்த்து ஈயம் வைத்து, சூடுகாட்டினால் இறுகுகிற உறையைப் போட்டு மூடினேன். இடையிடையே அக்காவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

கடைசி ஒயரைச் சேர்த்ததும் மீட்டரை வைத்தேன். எண் ஏறியது, விழுந்தது, ஏறியது. பேசிக்கொண்டன. பட்டனை அழுத்தினேன், இன்ஜின் பிடித்தது. ஸ்கேனரில் எந்தக் குறையும் இல்லை. இத்தனை நாள் இதற்காகத்தானே செத்தேன்? ஆனால் சந்தோஷம் துளிகூட வரவில்லை. வண்டிக்குள் உட்கார்ந்து, கையில் போனை வைத்துக்கொண்டு, அது அடிக்குமா அடிக்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிற்பகலில் அடித்தது.

"மிஷின்ல போட்டுட்டாங்கடா" என்றாள் அக்கா. "நுரையீரல்ல தண்ணி. ஐசியூல வச்சிருக்காங்க. இன்னும் கொஞ்சம் நேரமாயிருந்தா... டாக்டரு சொல்றாரு, இன்னும் கொஞ்சம் நேரமாயிருந்தா..."

வெள்ளிக்கிழமை கார் தேவைப்படவில்லை. மச்சான் ஐசியூவிலேயே இருந்தார். அடுத்த வாரம் வார்டுக்கு மாற்றினார்கள். ஆக்சிஜன் குழாயை எடுத்த அன்றைக்கு அவர் கேட்ட முதல் கேள்வி சம்பா நடவு மூழ்கிவிட்டதா என்பது.

"அதெல்லாம் தல நிமிந்துருச்சு மச்சான். தண்ணி வடிஞ்சிருச்சு" என்றேன். பாதி உண்மை.

டாக்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த உடம்பை வைத்துக்கொண்டு மழைக்காலத்தில் அந்த ஊரிலிருந்து வந்து போவது ஆகாது என்று சொல்லியிருக்கிறார். அவள் வராந்தாவிலேயே முடிவெடுத்துவிட்டாள். மருத்துவமனைக்கு நடந்து போகிற தூரத்தில் வாடகைக்கு வீடு. நிலத்தை டிராக்டர்காரருக்குக் குத்தகைக்கு விடுவது. மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை. நட்ட வயலை யாராவது விட்டுவிட்டு வருவார்களா என்று, மூச்சு வாங்க நிறுத்தி நிறுத்தி, கட்டிலில் கிடந்தபடி சண்டை போட்டார்.

"நட்டாச்சுல்ல, அது வளரும்" என்றாள் அக்கா. "நீங்க பாத்தாலும் வளரும், பாக்காட்டியும் வளரும். எனக்கு நீங்க வேணும். டிப்பர்ல உங்கள இன்னொருவாட்டி என்னால பிடிச்சுக்கிட்டுப் போவ முடியாது."

மச்சான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, "மாடில வேணாம் மாப்ள. கீழ்வீடா பாரு. படி ஏற முடியாது" என்றார்.

இப்போது அவர்கள் தஞ்சாவூரில்தான் இருக்கிறார்கள். செவ்வாயும் வெள்ளியும் அப்படியேதான். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்து காத்திருக்கிறார்கள். அக்காவுடையது பொருந்தவில்லை. என்னுடையதைப் பார்த்தார்கள், எனக்குச் சர்க்கரை இருக்கிறதாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த முடிவு வந்த அன்றைக்கு நான் பட்டறையைத் திறக்கவில்லை.

அக்காவின் நம்பர் போனில் வந்தாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவளுக்கு அது எப்படியோ தெரிந்திருக்கிறது. நான் ஹலோ சொல்வதற்கு முன்னாலேயே, "ஒண்ணுமில்லடா, சும்மாதான்" என்று முதலில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் பேச ஆரம்பிக்கிறாள்.